எதை முதலில் நிறுத்துவது?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். கணவரின் சம்பளம் கைக்கு வருவது 52,000 ரூபாய். சென்ற ஆண்டு 18 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினோம். வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டுகள், மாதத் தவணை சுமார் 15,600 ரூபாய். கடனைச் சீக்கிரம் அடைக்க மாதம் 10,000 ரூபாய் மிச்சப்படுத்துவது என்று முடிவு செய்து, ஹோட்டல், சினிமா, வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் நிறுத்தினோம். நான்கு மாதங்களில் வீட்டில் எரிச்சல்தான் மிச்சம். ஐந்தாம் மாதம், வாடிப்போயிருந்த பிள்ளைகளைத் தேற்றுவதற்காக ஒரே வார இறுதியில் 14,000 ரூபாய் செலவழித்துவிட்டோம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. சிக்கனமாகவும் சந்தோஷமாகவும் இருக்க வழி உண்டா? கடனைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

பதில்: வழி உண்டு. உங்களிடம் கட்டுப்பாடு இல்லாமல் போய்விடவில்லை. நான்கு மாதங்கள் ஒரு குடும்பமே அப்படி இருந்ததே பெரிய விஷயம். எதை முதலில் நிறுத்தினீர்கள் என்பதில்தான் சிக்கல். சிக்கனம் என்றதும் பெரும்பாலான குடும்பங்கள் கண்ணுக்குத் தெரிகிற செலவில், அதாவது எல்லோரும் சேர்ந்து மகிழ்கிற செலவில், கைவைக்கின்றன. யாருக்கும் எந்த இன்பமும் தராமல் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும் பணம் அப்படியே தொடர்கிறது. இந்த வரிசையை மாற்றினால் போதும்.

இலக்கையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணையோடு 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி வந்தால், வட்டி விகிதம் இதே அளவில் இருக்கும்வரை, உங்கள் கடன் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முன்னதாகவே முடிந்துவிடும். கடனின் தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போவதால், இப்போது கட்டும் சிறு தொகைக்கு இவ்வளவு பலன் கிடைக்கிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், கடன் காலத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு தொகையை மாதாமாதம் கட்ட உங்கள் வங்கியில் வசதி இல்லையென்றால், ஓராண்டுத் தொடர் வைப்பில் சேர்த்து, முதிர்ந்ததும் மொத்தமாகக் கட்டலாம். ஆனால் மூன்று மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இல்லையென்றால் அதைச் சேர்ப்பதுதான் முதல் வேலை, கடன் பிறகுதான்.

அந்த 3,000 ரூபாயை எங்கிருந்து எடுப்பது? கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரும் நீங்களும் சேர்ந்து உட்காருங்கள். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, இதனால் நம் வீட்டில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். நினைவே இல்லை என்று இருவரும் சொல்லும் வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடிடுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான். சிவப்புக் கோடு விழாத கணக்கை நான் இன்னும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத ஓடிடி சந்தா, பள்ளி விடுமுறையில் போட்டு நிறுத்த மறந்த கூடுதல் டேட்டா, பயன்படுத்தாத அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், பசி இல்லாமல் அலுப்பினால் மட்டும் ஆர்டர் செய்த உணவு என்று இவை வரிசையாக வரும். கைப்பேசியில் பணம் செலுத்தும் செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால், அதன் வழியாகத் தானாகக் கழியும் தொகைகள் ஓரிடத்தில் தெரியும். வேண்டாதவற்றை அங்கேயே ரத்து செய்யலாம்.

மின்விசிறியையும் பாருங்கள். மதுரை வெயிலில் அது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஓடுகிறது. பழைய விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி வகை 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 14 மணி நேரம் என்றால் ஒரு விசிறியில் இரண்டு மாதங்களுக்கு 38 யூனிட் வரை மிச்சம். மின்கட்டணம் அடுக்கு முறையில் ஏறுவதால், மிச்சமாகும் யூனிட்டுகள் உங்கள் உச்ச அடுக்கிலிருந்துதான் குறையும். பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். இதற்காகக் கடன் வேண்டாம்.

இனி சந்தோஷத்துக்கு வருவோம். மாதம் 1,500 ரூபாயை இதற்கென்று சம்பள நாளன்றே தனி உறையில் எடுத்து வையுங்கள். இதை மிச்சம் பிடிக்கக் கூடாது. அந்த மாதத்துக்குள் செலவழித்தே ஆக வேண்டும். எதற்கு என்று முடிவு செய்வது பிள்ளைகள், ஒரு மாதம் மகள், அடுத்த மாதம் மகன். மறுக்கப்பட்ட ஆசைதான் ஐந்தாம் மாதத்தில் 14,000 ரூபாயாக வெடித்தது. நாள் குறித்துத் தள்ளிவைத்த ஆசை அப்படி வெடிப்பதில்லை. காத்திருக்கும் நாட்களும் பிள்ளைகளுக்கு இன்பமாகவே கழியும்.

செலவு குறைந்த இன்பத்துக்குப் பணம் வேண்டாம், ஆனால் முன்னேற்பாடு வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. மாலில் நுழைந்துவிட்டால் நம் பொழுதை மால்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்தச் சௌகரியத்துக்குத்தான் அவ்வளவு விலை. அந்தப் பொறுப்பை நாமே எடுத்துக்கொண்டால் உங்கள் ஊரில் வாய்ப்புக்குக் குறைவில்லை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தமுக்கத்தை அடுத்து, ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பதின்மூன்று வயதில் அதைப் பார்ப்பது பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட ஆழமாகப் பதியும் என்று நம்புகிறேன். சற்றுத் தள்ளிக் கீழடி அருங்காட்சியகம். கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வெயில் ஏறுவதற்குள் போய், அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஆலமர நிழலையும் பார்த்துவிட்டு, படியேறிச் செட்டிப்புடவு என்ற குகையின் சமணச் சிற்பங்களைக் காட்டி, கொண்டுபோன இட்லியை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பினால் ஆகும் செலவு பெட்ரோல் மட்டுமே.

வேலையையும் இன்பத்தையும் ஒன்றாக்குவது இன்னும் நல்லது. உழவர் சந்தைத் திட்டமே 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. வாரம் ஒருநாள் காலையில் மகனை அழைத்துச் செல்லுங்கள். கையில் 150 ரூபாயையும் பையையும் கொடுத்து, விலைப் பலகையைப் படித்து, மூன்று நாளைக்கான காய்கறியும் கீரையும் அவனே வாங்கட்டும். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பது, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது, கத்தரிக்காயில் துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது எல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். மிஞ்சும் சில்லறையில் திரும்பும் வழியில் பருத்திப்பால் வாங்கிக் குடிக்கலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கூட்டல் கழித்தல் தானாக வரும்.

பௌர்ணமிதோறும் மொட்டைமாடியில் நிலாச்சோறு சாப்பிடுங்கள். வத்தக்குழம்பை நல்லெண்ணெய் விட்டுச் சோற்றில் பிசைந்து, எல்லோரும் வட்டமாக உட்கார, கையில் உருண்டை உருட்டி வைத்து, சுட்ட அப்பளத்தோடு கொடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அன்று கைப்பேசிகள் கீழேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சினிமா அல்ல, மொய். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும்போது எந்தச் சிக்கனமும் தாக்குப்பிடிக்காது. மொய் நோட்டை எடுத்து, சென்ற ஆண்டு செய்த மொத்தத்தைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனியே சேருங்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது கடமை. அதில் குறைக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் புதுத்துணி கடமை அல்ல.

பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். மகளுக்குக் கடன் தொகை, வட்டி, முடியும் ஆண்டு எல்லாவற்றையும் கணக்குப் போட்டே காட்டலாம். மகனுக்கு, வீட்டுக்காக மாதாமாதம் பணம் கட்டுகிறோம், அதனால் சிலவற்றைத் தள்ளிவைக்கிறோம் என்ற அளவில் போதும். காரணம் தெரியாத மறுப்பைப் பிள்ளைகள் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார்கள். பயமுறுத்தும் குரலில் மட்டும் சொல்ல வேண்டாம். கணவரும் உடன் இருக்கட்டும். அன்றைக்கே முதல் மாதத்து உறையை மகளிடம் கொடுத்து, எதற்குச் செலவழிக்கலாம் என்று கேளுங்கள்.