ப்ரோபோலிஸ், ராயல் ஜெல்லி, தேன்மெழுகு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுத் தோட்டத்துல சில தேன் பெட்டி வச்சிருக்கோம். தேனீ சேக்கிற பிசின், அதான் ப்ரோபோலிஸ், அதுக்கு நல்ல விலை கிடைக்குதுன்னு சொல்றாங்க, ஆனா எங்க பெட்டியில எங்க தேடினாலும் மெழுகுதான் இருக்கு, பிசினே காணோம். பராமரிப்புல ஏதாவது தப்பா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தப்பே இல்லம்மா. உங்க பக்கம் பெரும்பாலும் பெட்டியில வளர்க்கிறது நம்ம ஊரு அடுக்குத் தேனீ, அதுக்கு பிசின் சேக்கிற பழக்கமே கிடையாது, வருஷம் முழுக்க காத்திருந்தாலும் வராது. ப்ரோபோலிஸ் சேக்கிறது இத்தாலியத் தேனீ. அந்தப் பெட்டியைத் திறந்து பாத்தா சட்டமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், இரும்புத் தகடு வச்சு நெம்பித்தான் எடுக்கணும். அடுத்தது கொசுத்தேனீ, சுவர் பொந்துல குட்டியா குழாய் வாசல் வச்சு குடியிருக்குமே அதுதான், அது தேன் வைக்கிற குட்டிக் குட்டிப் பானைகளையே பிசினும் மெழுகும் கலந்துதான் கட்டுது. கொம்புத்தேனீ கூட கூடு தொங்குற குச்சியில எறும்பு ஏறாம இருக்க பிசின் வளையம் பூசும், ஆனா அதுல நாம எடுக்கிற அளவுக்கு இருக்காது.

அதனால யாராவது "நாட்டுத் தேனீ ப்ரோபோலிஸ்"னு வித்தா எந்தத் தேனீன்னு கேளுங்க, அடுக்குத் தேனீன்னு சொன்னா வாங்காதீங்க. நீங்களே எடுக்கணும்னா இத்தாலியத் தேனீப் பெட்டியில மூடிக்குக் கீழ ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வலை விரிச்சு வச்சா போதும், தேனீக்கு சின்ன சந்து கண்டா அடைக்காம இருக்க முடியாது, எல்லா ஓட்டையையும் பிசினால அடைச்சிடும். வலையை எடுத்து ஃப்ரீசர்ல வச்சுட்டு முறுக்குனா பொலபொலன்னு உதிரும். சூட்டுல இருந்தா கையில ஒட்டிக்கிட்டு போகாது, அதனால குளிர்ச்சியிலேயே வேலையை முடிச்சிடுங்க.

கேள்வி: ப்ரோபோலிஸ் வெறும் மரப்பிசின்தானே, அப்படி என்ன மருந்து குணம் இருக்கு? தொண்டை ஸ்ப்ரேன்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மரம் தன்னோட மொட்டையும் காயத்தையும் கிருமிகிட்டேருந்து காப்பாத்த சுரக்கிற பிசின்தான் அது, தேனீ அதைக் கால்ல ஒட்டி எடுத்துட்டு வந்து மெழுகோட குழைச்சு கூட்டுக்கு உள்பக்கம் பூசுது. தோராயமா பாதி பிசின், முப்பது சதவீதம் மெழுகு, மிச்சம் வாசனை எண்ணெயும் மகரந்தமும். கூட்டுக்குள்ள எலி புகுந்து செத்துப்போச்சுன்னா தேனீயால அதை வெளிய இழுத்துப் போட முடியாது, அப்ப அது மேல இந்தப் பிசினைப் பூசி அழுகல் பரவாம பாத்துக்கும்! அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல மார்லா ஸ்பிவாக் குழு 2009ல வெளியிட்ட ஆய்வுல, உள்ள பிசின் பூசின பெட்டியில தேனீக்களோட நோய் எதிர்ப்பு வேலை குறைவாத்தான் தேவைப்படுதுன்னு பாத்தாங்க, அதாவது சுவரே பாதி வேலையைச் செஞ்சிடுது. பெட்டியை சுத்தம் பண்றேன்னு மொத்தத்தையும் சுரண்டி எடுக்காதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

மனுஷனுக்கு வந்தா, லேப்ல பாக்டீரியா, பூஞ்சைக்கு எதிரா வேலை செய்யுதுன்னு நிறைய ஆய்வு இருக்கு. வாய்ப்புண்ணு, உதட்டுல வர்ற ஹெர்பிஸ் கொப்புளம், இதுக்கெல்லாம் மேல பூசிப் பாத்த சின்ன ஆய்வுகள்ல ஓரளவு நல்ல பலன் வந்திருக்கு. ஆனா எல்லா ப்ரோபோலிஸும் ஒண்ணு இல்ல, ஐரோப்பாவுல பாப்லர் மரத்து மொட்டுலேருந்து வருது, பிரேசில்ல பச்சை நிறத்துல வர்றது வேற ஒரு செடியிலேருந்து, அதனால அங்க கிடைச்ச ரிசல்ட்டை இங்க விக்கிற பாட்டிலுக்கு அப்படியே ஒட்ட முடியாது. 2010ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ப்ரோபோலிஸ் பேர்ல கேட்ட ஆரோக்கிய விளம்பரங்களை ஆதாரம் போதலைன்னு ஏத்துக்கல. தொண்டை கரகரப்புக்கு ஸ்ப்ரே அடிச்சா பெரிய கெடுதல் இல்ல, லேபிளை மட்டும் பாருங்க, இது தண்ணியில சரியா கரையாது, பெரும்பாலும் ஆல்கஹால்லதான் கரைச்சிருப்பாங்க. சிலருக்கு தோல்ல அலர்ஜி நல்லாவே வரும், முதல்ல முழங்கை மடிப்புல ஒரு சொட்டு வச்சு ரெண்டு நாள் பாத்துட்டு அப்புறம் யூஸ் பண்ணுங்க.

கேள்வி: பொண்ணுக்கு ஆஸ்துமா இருக்கு. உடம்பு தேறும்னு ராயல் ஜெல்லி கேப்ஸ்யூல் சொல்றாங்க, குடுக்கலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம்மா, தயவுசெஞ்சு குடுக்காதீங்க. ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவங்களுக்கு ராயல் ஜெல்லியால மூச்சுத்திணறல் வந்து உயிரே போயிருக்கு, ஆஸ்திரேலியாவுல இந்தப் பொருள் மேல எச்சரிக்கை அச்சடிக்கணும்னே சட்டம் இருக்கு. ராணியா வளரப்போற புழுவுக்கு வேலைக்காரத் தேனீங்க தங்க உடம்புல சுரக்கிற இந்தப் பால் மாதிரிக் கூழைத்தான் தொடர்ந்து ஊட்டுதுங்கிறதால நமக்கும் ராணி பலம் வரும்னு விக்கிறாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு தண்ணி. மகரந்த மாத்திரையும் அப்படியே தள்ளி வைங்க. வீட்டுல ஒரு வயசு ஆகாத குழந்தை இருந்தா தேன் நாக்குல தடவுறதையும் நிறுத்துங்க, பாட்டி சொன்னாலும் சரி, பொட்டுலிசம் கிருமியோட வித்து தேன்ல இருக்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு சுகர். கால் புண்ணுக்கு தேன் தடவலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வீட்டுத் தேன் வேண்டாம். ஆஸ்பத்திரியில காயத்துக்குப் போடுற தேன் காமா கதிர் வச்சு சுத்திகரிச்சது. சுகர்காரங்க கால் புண்ணு ஒரு நாள் கூட தள்ளிப்போடுற விஷயம் இல்ல, இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. சாப்பிடக் குடுக்கிறதுக்கும் யோசிங்க, தேன்ல எண்பது சதவீதம் சர்க்கரைதான்.

கேள்வி: தேன் எடுத்தப்புறம் பழைய அடையை என்ன பண்றது?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: தூக்கிப் போடாதீங்க சார், மனசு கேக்கல! ஒரு கிலோ மெழுகு சுரக்க தேனீ பல கிலோ தேனைத் தின்னாகணும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்னைக்கும் பஞ்சலோக சிலைக்கு தேன்மெழுகோட குங்கிலியம் சேத்துத்தான் முதல்ல மெழுகுச் சிலை பிடிக்கிறாங்க. வீட்டுல வச்சிருந்தா மெழுகு அந்துப்பூச்சி புகுந்துடும், அதனால சீக்கிரம் உருக்கிடுங்க. அடுப்புல நேரடியா வைக்காம பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு அதுக்குள்ள எவர்சில்வர் பாத்திரம் இறக்கி உருக்கி, துணியில வடிகட்டணும், 65 டிகிரிக்குள்ள உருகிடும். ஒரு பங்கு மெழுகுக்கு நாலு பங்கு தேங்காயெண்ணெய் சேத்து ஆறவச்சா பித்தவெடிப்புக்கு அருமையான களிம்பு. இரும்பு, செம்புப் பாத்திரத்துல மட்டும் உருக்காதீங்க, மெழுகு கறுத்துப் போயிடும்.