இரண்டாம் வருஷத்தில் படிப்பை நிறுத்த வேண்டாம்

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதியிருந்த அம்மாவுக்கு,

புதுச்சேரியில் பிபிடி என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு படிக்கும் மகள், உடல் அசைவுகளின் விசைகளைப் பற்றிய பயோமெக்கானிக்ஸ் பாடத்தில் அரியர் வைத்துவிட்டாள், "நடக்கிறவங்களை வேடிக்கை பார்க்கச் சொல்றாங்க, இதுக்கா படிக்க வந்தேன்" என்று அழுகிறாள் என்கிறீர்கள். அவள் சலித்துக்கொள்ளும் அந்தப் பாடம்தான் நாளைக்கு அவளுக்குச் சோறு போடும்.

ஒருவர் வலது காலை ஊன்றும்போது இடுப்பு இடது பக்கம் இறங்குகிறது என்று வையுங்கள். இடது பக்கம்தான் பலவீனம் என்று யாருக்கும் தோன்றும். கோளாறு பெரும்பாலும் ஊன்றிய வலது பக்கத்தில், குளூட்டியஸ் மீடியஸ் என்ற, இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் இருக்கும். நடையைப் படிக்கத் தெரியாதவர் நல்ல காலுக்கே மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார். கைத்தடியும் அப்படித்தான். வலது இடுப்பில் வலி என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடுப்பின் சுமை குறையும். நம் ஊரில் நிறைய பேர் வலிக்கிற பக்கமே பிடித்து நடக்கிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

சரி, அரியருக்கு வருவோம். பிளஸ் ஒன் இயற்பியலில் திருப்பு விசை, அதாவது ஒரு விசை பொருளை அச்சைப் பற்றிச் சுழற்றும் விளைவு, அவளுக்குப் புரிந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். பழைய புத்தகத்தை எடுத்து அந்தப் பகுதியை மட்டும் படிக்கட்டும்.

அப்புறம், நடைச் சுற்றில், அதாவது ஒரு பாதம் தரையைத் தொட்டதிலிருந்து அதே பாதம் மறுபடி தொடும்வரை, அந்தப் பாதம் தரையில் இருப்பது சுமார் 60 சதவீதம், காற்றில் 40 சதவீதம் என்று மனப்பாடம் செய்தால் மட்டும் ஒட்டாது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் கிடையாது. ஓரமாக உட்கார்ந்து ஒருநாள் கணுக்காலை மட்டும், இன்னொரு நாள் முழங்காலை மட்டும் பார்க்கட்டும். யாரையும் படம் எடுக்கக் கூடாது. வீடியோ வேண்டுமென்றால் தோழிகள் ஒருவரையொருவர் பக்கவாட்டில் ஸ்லோமோஷனில் எடுத்துக்கொள்ளலாம். கேமராவும், பாதம் தரையை அழுத்தும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட்டும் உள்ள பெரிய லேப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லீவுக்கு வரும்போது வீட்டுப் பாட்டியை நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்க்கட்டும். வயதானவர்கள் விழும் அபாயத்தைக் கணிக்க ஆஸ்பத்திரிகளில் செய்யும் சோதனைதான் இது. பாட்டி பக்கத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

அரியர் தேர்வு முடியும்வரை, படிப்பிலிருந்து நின்றுவிடும் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள் அம்மா.