பேரக்குழந்தைகளை விட்டுப் போகிறவர்கள்

வணக்கம் சார்,

சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து ஆறு மாதம் இருக்க வந்திருக்கிறார்கள். அவர்கள் வந்த வாரமே எதிர்வீட்டுத் தம்பதி, எழுபதை நெருங்குகிறவர்கள், 18 மாத ஊழியத்துக்கு கானா கிளம்பிவிட்டார்கள். மார்மன் சபை. சம்பளம் கிடையாது, செலவும் அவர்களுடையதுதானாம். செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லிச் சாவியை எங்களிடம் கொடுத்துப் போனார்கள். "ஏழு பேரப்பிள்ளைகளை விட்டுட்டு இந்த வயசுல மதம் மாத்தப் போகணுமா?" என்று அம்மா கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

குழந்தைக்கு என் ஆசிகள்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் அவர்களுடைய முழுப்பெயர். வெள்ளைச் சட்டையும் டையுமாக வீடுவீடாக ஏறி இறங்குகிறவர்கள் இளைஞர்கள். பையன்கள் 18 வயதில் கிளம்பினால் இரண்டு வருடம். வயதான தம்பதிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 6, 12, 18, 23 மாதம் என்று எது தோதோ அதற்குப் போகலாம். பெரும்பாலும் அலுவலகம், நிவாரணம், வம்சாவளி ஆவணங்கள் என்று வேலை இருக்கும். இளைஞர்கள் தங்கும் வீடுகளுக்கு வாடகை கட்டுவது, கொசுவலை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது, காய்ச்சல் என்று படுத்த பையனை டாக்டரிடம் கூட்டிப்போவது. ஹாஸ்டல் வார்டன் வேலை என்று அம்மாவிடம் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

அதற்காக மதம் இதில் இல்லவே இல்லை என்று மழுப்பவும் வேண்டாம். இருக்கிறது. அம்மாவின் சந்தேகமும் புதிதல்ல: கானா அரசே 1989 ஜூனில் இந்தச் சபையைத் தடை செய்தது. 1990 நவம்பரில்தான் தடை நீங்கியது.

ஆனால் கானாவில் கதை தலைகீழாகத் தொடங்கியது. 1964-லேயே ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்ற கானாக்காரர் இந்தச் சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைப் படித்துவிட்டு, தானே சபைகள் கூட்டி, ஆள் அனுப்பும்படி சால்ட் லேக்கிலுள்ள தலைமையகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஆள் வரவில்லை. காரணம், கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் உரிமை, கிடையாது என்று சபை அப்போது விதி வைத்திருந்தது. எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை; வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே ஜெபம் நடத்தியதுபோலத்தான். 1978 ஜூனில் விதி மாறியது. அந்த நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு முதலில் அனுப்பப்பட்டவர்கள் இளைஞர்கள் அல்ல, மேபி, கேனன் என்ற இரண்டு மூத்த தம்பதிகள். டிசம்பரில் கேப் கோஸ்ட் கடற்கரைக்கு அவர்கள் போனபோது, 14 வருடமாகக் காத்திருந்த கூட்டம் ஞானஸ்நானத்துக்குத் தயாராக நின்றது. யார் யாரை மதம் மாற்றினார்கள் என்று அம்மாவிடமே கேளுங்கள்.

பெங்களூரில் என் நண்பர் வீட்டு மாடியில் இப்படி ஒரு யூட்டா தம்பதி சில மாதம் குடியிருந்தார்கள். கணவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். தினம் மாலை ஏழு மணிக்கு அந்த அம்மாள் போனோடு மொட்டைமாடிக்கு வந்துவிடுவார். அங்கே காலை ஏழரை. பேத்தி பள்ளிக்குக் கிளம்பும் நேரம். தலை வாரி முடியும் வரை பேச்சு ஓடும். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். ஆகவே பாசம் அற்றுப்போய்க் கிளம்புகிறார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே அலுவலகக் கணக்கு அந்த அம்மாளின் பொறுப்பு. டாக்டரோ, ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுக்கும் எடுபிடி. தப்பாக அடுக்கித் திட்டும் வாங்குவார். நாற்பது வருடக் கல்யாணத்தில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது இதுதான் முதல்தடவை என்று என்னிடம் சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு.

உங்கள் அம்மாவும் கடல் தாண்டி ஊழியத்துக்குத்தான் வந்திருக்கிறார், சொந்த ரத்தத்துக்கு. பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று கை ஓயாது. அப்பா அங்கே என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஊகிக்க முடிகிறது: ஜன்னல், செல்போன், இரண்டாவது காபி. முதலில் அந்த எதிர்வீட்டுச் சாவியை அவரிடம் கொடுங்கள். அப்புறம் குழந்தையையும்.