ஆனர்ஸ் நான்காம் ஆண்டு: ஆய்வேடு எடுக்கலாமா, மூன்று தாளோடு முடித்துக்கொள்ளலாமா?

கேள்வி: "தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். வெளிமாநில மத்தியப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பி.ஏ. ஆங்கிலம் ஆனர்ஸ் படிக்கிறேன். ஏழாவது செமஸ்டர் தொடங்கப் போகிறது. ஆய்வேடு எடுக்கலாமா, அதற்குப் பதில் மூன்று தாள் எழுதிவிட்டுப் போகலாமா? 'ஆங்கில இலக்கியத்தில் செட்டிநாட்டுப் பண்பாடு' என்று தலைப்பு யோசித்து வைத்திருக்கிறேன்."

எடுங்கள் தங்கச்சி. அந்தத் தலைப்பை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

"இங்கிலீஷ் இலக்கியம் படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாள், பி.காம். படித்திருந்தால் இந்நேரம் வேலைக்குப் போயிருப்பாள்" என்று பின்னூட்டத்தில் எழுதப்போகிற அண்ணன்மார் கொஞ்சம் பொறுங்கள். அவர் கேட்டது அதை இல்லை. நான்காண்டுப் படிப்பு நல்லதா கெட்டதா என்ற அரசியல் சண்டைக்கும் இது இடம் இல்லை. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.ஏ.தான் நடக்கிறது, இவர் வெளியே போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அதை ஒழுங்காக முடிக்க வேண்டும்.

முதலில் விதி. 2022 டிசம்பரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 'ஆனர்ஸ் வித் ரிசர்ச்' எடுக்கலாம். அதில் ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட். ஆய்வு வேண்டாம் என்பவர்கள் அந்த 12 கிரெடிட்டுக்கு மூன்று தாள் எழுதினால் சாதாரண ஆனர்ஸ். சான்றிதழில் இந்த வேறுபாடு தெரியும். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் எம்.ஏ. இல்லாமலே பிஎச்.டி. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம் (ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு), எம்.ஏ.தான் வேண்டும் என்றால் ஒரே வருடம். ஒன்றை மறக்க வேண்டாம்: பின்னாளில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் எம்.ஏ.வும் பி.எட்.டும் கேட்பார்கள். ஆய்வேடு அதற்கு ஈடாகாது.

12 கிரெடிட் என்றால் எவ்வளவு உழைப்பு என்று பெரும்பாலானவர்கள் கணக்குப் போடுவதே இல்லை. செய்முறை வகையில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம், 12-க்கு 360. அதைப் 15 வாரத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு 24 மணி நேரம், மற்ற தாள்களும் கூடவே ஓடும்போது! அதனால் உங்கள் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை எட்டாவது செமஸ்டரில் மட்டும் வைத்திருந்தாலும் ஏழாவதிலேயே தொடங்கிவிடுங்கள்.

இனி தலைப்பு. ஆய்வேடு பாதியில் நிற்பதற்கு ஆங்கிலம் போதாதது காரணம் இல்லை, தலைப்புப் பெருத்துப்போனதுதான் காரணம். இளங்கலை ஆய்வேடு சுமார் 12,000 முதல் 15,000 சொல். இரட்டை இடைவெளியில் பக்கத்துக்கு 280 சொல் என்று வைத்தால் ஐம்பது பக்கம் வரும். முன்னுரை, முடிவுரை போக உங்கள் வாதத்துக்குக் கிடைப்பது முப்பத்தைந்து பக்கம். அதற்குள் "ஆங்கில இலக்கியம்", "செட்டிநாடு", "பண்பாடு" மூன்றையும் எப்படி அடைப்பீர்கள்? ஒரு நூல், ஒரு கேள்வி. அவ்வளவுதான் தாங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.கே. நாராயணின் 'தி ஃபைனான்சியல் எக்ஸ்பர்ட்' (1952). கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து கடனுக்கு வழி காட்டும் மார்கய்யாவின் கதை. அவர் மகன் பாலு கணக்குப் புத்தகத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிடுகிறான், தொழிலே படுத்துவிடுகிறது. பேரேடும் ஐந்தொகையும் (வரவு செலவு, சொத்து, கடன் எல்லாம் சேர்த்துப் பார்க்கும் கணக்கு) பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு அந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும்: ஒரு புத்தகம் போனால் ஒரு தொழில் எப்படிப் போகும்? நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வணிகத்தில் கடனுக்குப் பின்னால் பேரேடு மட்டுமா இருந்தது? கோயிலும் பங்காளிகளும் சம்பந்திகளும் இருந்தார்கள். டேவிட் ரட்னர் 1994-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்ட நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆய்வு முழுக்க இதைத்தான் பேசுகிறது. மார்கய்யாவுக்கோ பக்கத்து வீட்டு அண்ணனோடுகூடப் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் வதந்தி கிளம்பிப் பணம் போட்டவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. "மார்கய்யா கவிழ்வது பேராசையால் இல்லை, உறவு இல்லாத கடனால்" என்று ஒரு வரி எழுதினால் அதுதான் உங்கள் ஆய்வுக்கூற்று. அதை ஒருவர் மறுக்க முடியும். மறுக்க முடியாத வரி கூற்றே ஆகாது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. மார்கய்யா செட்டியார் இல்லை. முன்னோர் பிணம் சுமந்தவர்கள் என்பது அந்தக் குடும்பம் மறைக்கும் செய்தி. கதை நடக்கும் மால்குடி என்ற கற்பனை ஊரும் செட்டிநாடு இல்லை. ரட்னரை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஆர்வத்தில் மார்கய்யாவைச் செட்டியாராக்கிவிட்டால் வாய்மொழித் தேர்வில் முதல் அடி அங்கேதான் விழும்.

மூலங்கள் தேட வீட்டில் இருந்தே பாதி வேலை ஆகும். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் தனிக் கணக்கு தொடங்கினால் 30 நாளுக்கு 100 கட்டுரை இலவசமாகப் படிக்கலாம். சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டுத் தளத்தில் முந்தைய பிஎச்.டி. ஆய்வேடுகள் கிடைக்கும். அவற்றின் நூற்பட்டியலுக்காக மட்டும் திறந்து பாருங்கள், நடையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள்: நகரத்தார், நாட்டுக்கோட்டை, செட்டி என்று தனித்தனியாகவும், 'செட்டியார்' என்பதை ஆங்கிலத்தில் 'ஐ' போட்டு ஒரு முறை, 'ஒய்' போட்டு ஒரு முறையும். அவர்கள் வட்டிக்கடை நடத்திய பர்மாவின் அரசு ஆவணங்கள் ஒய்தான் போடும். இது தெரியாமல் "ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று வழிகாட்டியிடம் போய் நிற்காதீர்கள். பழைய தமிழ் இதழ் வேண்டுமானால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நம் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களில் 1994-இல் முளைத்தது அது. விடிகாலைப் பல்லவன் ரயிலில் காரைக்குடியில் ஏறினால் மதியம் எழும்பூர். அன்றைக்கே திரும்புவதாகத் திட்டம் போடாதீர்கள், படிக்க நேரம் இருக்காது. என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள்.

கோட்டையூர் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருவர் காகிதம் காகிதமாகச் சேர்த்த ஊருக்குப் பக்கத்திலேயே, வீட்டை இடிக்கும்போது பர்மாத் தேக்குத் தூணுக்கு ஆயிரம் பேரம் பேசிவிட்டு, வளவில் கிடந்த பேரேட்டையும் கடிதக் கட்டையும் பழைய பேப்பர்க்காரரிடம் கிலோவுக்குப் போடுகிறார்கள். நெடுஞ்சாலையில் பார்த்தால் சிவப்புப் பொடி போட்ட கோழிக்கெல்லாம் செட்டிநாடு என்று பலகை! கோழியைப் பிடித்துக்கொண்டார்கள், கணக்கை விட்டுவிட்டார்கள். கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபம்தான். உங்கள் வீட்டுப் பரணில் ரங்கூன் கடிதம் ஏதாவது இருந்தால் படம் எடுத்து, தேதியைக் குறித்து வையுங்கள், ஆய்வேட்டுக்கு உதவாவிட்டாலும்.

குறிப்பெடுப்பதையும் பேரேடு மாதிரி செய்யுங்கள். ஒரு கோப்பு, நான்கு பத்தி: மேற்கோள், பக்க எண், எந்தப் பதிப்பு, எந்த இயலுக்கு. பதிப்பை விடாதீர்கள். ஒரே நாவலின் இரண்டு பதிப்பில் பக்க எண் வேறாக இருக்கும். நூலகப் பிரதியில் பாதியும் போனில் இறக்கிய பிரதியில் பாதியும் படித்துவிட்டு மார்ச் மாதம் பக்க எண் தேடுவது போன்ற தண்டனை வேறில்லை.

எழுதும் வரிசை: முன்னுரையில் தொடங்காதீர்கள். நாவலை நெருங்கிப் படிக்கும் இரண்டாம் இயலில் தொடங்குங்கள். சாக்கடைக் காட்சியை எடுத்து ஆறு பக்கம் எழுதினால் உங்கள் கூற்று நிற்குமா என்று அப்போதே தெரிந்துவிடும். ஆகஸ்டில் இரண்டு பக்க முன்மொழிவு, தீபாவளி விடுமுறைக்குள் அந்த இயலின் கரடு வரைவு. உங்கள் வீட்டில் கார்த்திகை தீபத்துக்குப் பின் வரும் பிள்ளையார் நோன்பு உண்டென்றால், இழை எடுத்துக்கொள்ள ஊருக்கு வரும்போது அது திருத்தப்பட்டுக் கையில் இருக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் முழு வரைவு. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள், என்ன சொன்னீர்கள் என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

வழிகாட்டியிடம் "படித்துக்கொண்டிருக்கிறேன் மேடம்" என்று போகாதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான்கு பக்கத்தோடும் இரண்டு கேள்வியோடும் போங்கள். அவர் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து "நான் எப்போது சொன்னேன்" என்று வராது. எல்லா வழிகாட்டிகளும் அப்படி என்று சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள்.

வடிவம் பெரும்பாலும் எம்.எல்.ஏ. என்ற மேற்கோள் முறை. (சட்டமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) 2021-இல் வந்த ஒன்பதாம் பதிப்பைப் பாருங்கள், கடையில் கிடைக்கும் பழைய ஏழாம் பதிப்பு வேண்டாம். ஆசிரியர் பெயருக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே காற்புள்ளி கிடையாது. உரைநடை மேற்கோள் நான்கு வரியைத் தாண்டினால் அரை அங்குலம் உள்ளே தள்ளித் தனியாக வையுங்கள், மேற்கோள்குறி வேண்டாம். நூற்பட்டியலில் முதல் வரி ஓரத்தில், அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே. இதை ஸ்பேஸ் தட்டிச் செய்யாமல் பத்தி அமைப்பில் 'ஹேங்கிங்' கொடுங்கள். தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் இல்லாதவரைத் தலைகீழாகத் திருப்பாதீர்கள்: கண்ணதாசன் கண்ணதாசனாகவே நிற்பார். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாரை நூலகங்கள் 'செட்டியார்' என்ற சொல்லின் கீழும் வைத்திருக்கும், அங்கேயும் தேடுங்கள். தமிழ் வரியை நீங்களே மொழிபெயர்த்தால் "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்று ஒரு குறிப்பு அவசியம்.

ஒற்றுமைச் சோதனை (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பது): யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை வந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். மேற்கோள்குறியிட்டு ஆதாரம் சொன்ன பகுதியும் நூற்பட்டியலும் கணக்கில் வராது. சிக்கிக்கொள்கிறவர்கள் விமர்சகரின் வாக்கியத்தில் நான்கு சொல்லை மட்டும் மாற்றியவர்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். செயற்கை நுண்ணறிவிடம் நூற்பட்டியல் கேட்டால் இல்லாத கட்டுரைக்கு இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் அழகாகத் தரும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் உங்கள் கண்ணால் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

பைண்டிங்குக்காக இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்றும் ஒன்று. ஏ4 தாள், கோப்பு அமெரிக்க 'லெட்டர்' அளவில் இருந்தால் முதலிலேயே மாற்றுங்கள், கடைசியில் மாற்றினால் பொருளடக்கத்துப் பக்க எண் எல்லாம் நகரும். தமிழ் வரிகள் யூனிகோடில்தான் இருக்க வேண்டும். பாமினியில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கடைக்கு வேர்டு கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் கொடுங்கள். முதலில் ஒரு பிரதி மட்டும் அச்செடுத்து, அப்பச்சியோ ஆத்தாவோ யாராவது வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துப் பக்க எண் வரிசையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்கு இந்நேரம் எதுவும் தெரியாது. பிறகு பைண்டிங்குக்குப் போகலாம்: துறைக்கு, வழிகாட்டிக்கு, உங்களுக்கு என்று மூன்று. வாய்மொழித் தேர்வுக்கு உங்கள் பிரதியில் சாக்கடைக் காட்சிப் பக்கத்தில் ஒரு தாள் செருகி வைத்துக்கொண்டு போங்கள்.