ஒரே படைப்புக்கு நூறு பதிவுகள் இருந்தால் எதைக் கேட்பது?

கேள்வி இதுதான்: செல்லோ (பெரிய வயலின் போன்ற வில் வாத்தியம்), ஆர்கன் (குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் தேவாலயக் கருவி), பெரிய ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் கேட்க ஆசை. ஆனால் பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் பெயரைத் தேடினாலே நூறு பதிவுகள் வந்து நிற்கின்றன. எதில் தொடங்குவது?

படைப்பின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். யார் வாசித்தது, எந்த வருடம், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் இரண்டும் எல்லோரும் சொல்வதுதான். மூன்றாவதன் அருமை எனக்கே வெகு தாமதமாகத்தான் புரிந்தது.

வேலை விஷயமாகப் பாரிஸ் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சான் சுல்பிஸ் தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்ததும் அங்கே ஆர்கன் வாசிப்பார்கள். கவாயே-கோல் 1862இல் கட்டி முடித்த கருவி அது. கைக்கு ஐந்து விசைப்பலகைகள், காலுக்கு ஒரு மிதிப்பலகை. வாசித்தவர் கடைசிச் சுரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார், ஆனால் ஒலி போகவில்லை. மேலே கூரையில் சில விநாடிகள் தங்கியிருந்து அப்புறம்தான் மெல்ல அடங்கியது.

அதே கருவியில் பதிவான ஒன்றைப் பல வருடங்களாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். ஷார்ல்-மரி விதோர் 1870இல் அந்தத் தேவாலயத்தில் வாசிக்கச் சேர்ந்து 60 வருடங்களுக்கும் மேல் இருந்தவர். தன் ஐந்தாவது ஆர்கன் சிம்பொனியின் (சிம்பொனி என்பது பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு) கடைசிப் பகுதியான டொக்காட்டாவை 1932இல், 88 வயதில், அங்கேயே வாசித்துப் பதிவு செய்தார். ஐரோப்பாவில் கல்யாணம் முடிந்து மணமக்கள் வெளியே வரும்போது பலரும் பறக்கப் பறக்க வாசிக்கிற பகுதி அது. அவருடைய வாசிப்போ நிதானமாகப் போகும். வயதாகிவிட்டது, விரல் ஓடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு நேரம் ஒலி தங்குகிற கட்டடத்தில் வேகமாக வாசித்தால் ஒரு சுரத்தின் மேல் அடுத்த சுரம் விழுந்து எல்லாம் குழம்பிவிடும். அந்த நிதானத்தில் வயதுக்கு எவ்வளவு பங்கோ, இடத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அதன் பிறகு எந்தப் பதிவை எடுத்தாலும் எங்கே வாசித்தார்கள் என்று பார்க்காமல் கேட்பதில்லை.

சரி, செல்லோவுக்கு வருவோம். பாக்கின் ஆறு தனிச் செல்லோ சூட்கள், அதாவது பல சிறு பகுதிகள் சேர்ந்த தொகுப்புகள். ஒரே ஆள், ஒரே கருவி, பக்கவாத்தியம் கிடையாது. பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகல்தான் நமக்குக் கிடைத்த முக்கியமான ஆதாரங்களில் ஒன்று. வெகுகாலம் இவற்றைப் பயிற்சிப் பாடமாகவே பார்த்தார்கள். 1890இல் பார்சலோனாவில் ஒரு பழைய இசைத்தாள் கடையில் 13 வயதுப் பையன் ஒருவன் அப்பாவுடன் போய்த் துழாவும்போது இந்தத் தாள்கள் கையில் கிடைத்தன. அந்தப் பையன்தான் பின்னாளில் பெரிய செல்லோ கலைஞரான பாப்லோ காசல்ஸ். அவற்றில் ஒன்றை மேடையில் வாசிப்பதற்கு முன் சுமார் 12 வருடங்கள் வீட்டிலேயே வாசித்துப் பார்த்தார்.

அவர் இவற்றைப் பதிவு செய்யச் சம்மதித்தது கிட்டத்தட்ட 60 வயதில். 1936 நவம்பரில் லண்டன் அபே ரோடில் இரண்டாவதும் மூன்றாவதும், 1938இல் பாரிஸில் முதலாவதும் ஆறாவதும், 1939இல் அங்கேயே நான்காவதும் ஐந்தாவதும். வருடங்களைக் கவனியுங்கள். 1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது; கடைசிப் பதிவு நடந்த 1939இல் அவர் ஆதரித்த குடியரசுத் தரப்பு தோற்றே போயிருந்தது. அன்று இசையை நேரே தட்டில்தான் வெட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம். தவறு வந்தால் வெட்டி ஒட்ட வழியில்லை, முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதனால் வில் தந்தியில் உராய்வதும், எங்காவது சுருதி லேசாகத் தடுமாறுவதும் அப்படியே இருக்கும். முதல் முறை கேட்டபோது எனக்கு இரைச்சல்தான் கேட்டது, ஒதுக்கி வைத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து ஹெட்ஃபோனில் கேட்டபோது பத்து நிமிடத்தில் காது இரைச்சலை மறந்துவிட்டது. இதற்குப் பல மறுபதிப்புகள் உண்டு. இரைச்சலை முழுக்கத் துடைத்து எடுத்தவற்றில் வில்லின் ஒலியும் சேர்ந்து போய்விடுகிறது. கொஞ்சம் இரைச்சல் உள்ள பதிப்பையே தேர்ந்தெடுங்கள்.

உடனே ஒப்பிட்டுக் கேட்க ஆனர் பைல்ஸ்மாவின் 1979 பதிவு. பழைய முறைக் கருவி, குடல் நரம்புத் தந்திகள். ஆறாவது சூட் ஐந்து தந்திக் கருவிக்காக எழுதப்பட்டது. பைல்ஸ்மா அதை அப்படிப்பட்ட சிறிய செல்லோவிலேயே வாசித்திருக்கிறார். காசல்ஸ் வாசிக்கும்போது ஒருவர் பிரார்த்திப்பது போலிருக்கும், பைல்ஸ்மா வாசிக்கும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். இவை நடனத் தாளங்களில் எழுதியவை என்பதே எனக்கு பைல்ஸ்மாவைக் கேட்ட பிறகுதான் காதில் ஏறியது.

ஆர்க்கெஸ்ட்ராவோடு செல்லோ வேண்டுமென்றால் ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் கன்செர்ட்டோ. முதல் அரங்கேற்றம் 1919 அக்டோபர் 27, லண்டன் குவீன்ஸ் ஹால். அன்றைய நிகழ்ச்சியின் மற்ற பகுதிகளை நடத்தியவர் ஒத்திகை நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டதால், தன் படைப்பைத் தானே நடத்திய எல்கருக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை, அரங்கேற்றம் சொதப்பிவிட்டது. அன்று வாசித்த லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்த 19 வயது இளைஞர் ஜான் பார்பிரோலி. 46 வருடம் கழித்து, 1965 ஆகஸ்டில், லண்டன் கிங்ஸ்வே ஹாலில் அதே கன்செர்ட்டோவுக்கு அதே லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த அவர் நின்றார். செல்லோவில் ஜாக்குலின் டு பிரே, வயது 20.

தொடக்கத்தில் செல்லோ தனியாக எடுக்கும் அந்தச் சில கனமான கூட்டுச் சுரங்கள் முடிந்ததும் வயோலாக்கள் (வயலினைவிடச் சற்றுப் பெரியவை) துணையில்லாமல் ஒரு மெட்டைக் கொண்டுவரும். பார்பிரோலி அதை அவசரப்படுத்தவே மாட்டார். அந்தப் பெண் வந்து வாங்கிக்கொள்ளும் வரை பொறுத்திருப்பார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இதைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன். 1973இல் நரம்பு நோயால் டு பிரேயின் மேடை வாசிப்பு நின்றது; 1987இல், 42 வயதில் இறந்தார். அந்தச் சோகத்தைப் பதிவின் மேல் ஏற்றிக் கேட்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 1965இல் வாசித்தது நோய் அறியாத, முழு பலத்தோடு இருந்த பெண்.

ஆர்கனும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்தது வேண்டுமா? சான்-சான்ஸின் மூன்றாவது சிம்பொனி, 1886. அதற்குப் பிறகு 35 வருடம் வாழ்ந்தும் அவர் இன்னொரு சிம்பொனி எழுதவில்லை. பாதிக்கு முன்பே, மெதுவான பகுதியில், ஆர்கன் சத்தமில்லாமல் தந்தி வாத்தியங்களின் ஒலிக்கு அடியில் நுழைந்துவிடும். கடைசிப் பகுதியில்தான் முழு பலத்தோடு திறக்கும். 1959இல் பாஸ்டன் சிம்பொனி ஹாலில் ஷார்ல் முன்ஷ் நடத்திய பதிவில் ஆர்கனும் வாத்தியக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். 1975இல் டேனியல் பரன்பாயிம் (டு பிரேயின் கணவர்) நடத்திய பதிவில் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது சிகாகோவில், ஆர்கன் மட்டும் பிரான்ஸில் ஷார்த்ர் பேராலயத்தில் தனியாகப் பதிவாகிப் பின்னர் சேர்க்கப்பட்டது. பிரம்மாண்டமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் என் காது முன்ஷிடம்தான் போகிறது. ஆர்கன் திறக்கும்போது அதே காற்றில் வயலின்கள் பதில் சொல்வது அங்கே கேட்கிறது.

இதைக் கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பெரிய ஆர்கனில் 32 அடிக் குழலின் மிகத் தாழ்ந்த சுரம் விநாடிக்குச் சுமார் 16 அதிர்வுகள்தான். காது கேட்கும் எல்லைக்கே கீழே, நேரில் நெஞ்சிலும் பெஞ்சிலும்தான் தெரியும். நல்ல ஹெட்ஃபோனில் அதில் ஒரு பங்காவது வந்து சேரும்.

பாக்கின் தனி ஆர்கன் படைப்புகளுக்கு ஹெல்முட் வால்கா. இளம் வயதிலேயே பார்வையை இழந்தவர். ஒவ்வொரு குரலையும் (ஒரே நேரத்தில் ஓடும் மெட்டுகளில் ஒவ்வொன்றையும்) தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து வாசிப்பார். 1956இல் நெதர்லாந்தின் ஆல்க்மார் தேவாலயத்தில் தொடங்கிய ஸ்டீரியோ பதிவுகளைக் கேளுங்கள். நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் போனாலும் எந்தக் குரலையும் பிடித்துக்கொண்டு கூடவே போகலாம்.

ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் என்றால் பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை அப்பாவும் மகனும் நடத்திய இரண்டு பதிவுகளில் கேளுங்கள். எரிக் க்ளைபர் 1953இல் ஆம்ஸ்டர்டாம் கான்சர்ட்கெபவ் ஆர்க்கெஸ்ட்ராவுடன், கார்லோஸ் க்ளைபர் 1974இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

செயலியில் கேட்பவராக இருந்தால் ஷஃபிளையும், ஒரு பாட்டு முடியும் முன் அடுத்ததைக் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். சான்-சான்ஸில் ஒரு பகுதி அடங்கி அடுத்தது தொடங்கும் இடமே அதில் பாழாகிவிடும்.

இன்றிரவே தொடங்குவதானால், பாக்கின் இரண்டாவது செல்லோ சூட்டில் சரபாந்து என்ற மெதுவான நடனப் பகுதியை மட்டும் எடுங்கள். முதலில் காசல்ஸ் 1936, உடனே பைல்ஸ்மா 1979. இரண்டும் சேர்ந்தே பத்து நிமிடத்தைத் தாண்டாது. கேட்டுவிட்டு யார் பிடித்தது என்று இங்கே எழுதுங்கள், அதற்கேற்ற அடுத்த பதிவைச் சொல்கிறேன்.