அறிக்கைக்கு அஞ்சுமா துப்பாக்கி?

கேள்வி: எங்கே சண்டை நடந்தாலும் திருச்சபைகளின் கூட்டமைப்புகள் 'சமாதானம் நிலவ ஜெபிக்கிறோம்' என்று அறிக்கை விடுகின்றன. தங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லாதவர்கள் ஊர்ச் சண்டையைத் தீர்க்கக் கிளம்புவது வேடிக்கையாக இல்லையா?

பதில்: அறிக்கை விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். அதைப் படித்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே போட்டவன் எவனும் இல்லை. ஆனால் 'வேடிக்கை' என்பதற்கு முன் சூடானைக் கொஞ்சம் பாருங்கள்.

1955இல் மூண்ட உள்நாட்டுப் போர். வடக்கே முஸ்லிம் ஆட்சியாளர்கள். தெற்கே கிறிஸ்தவர்களும் பழங்குடி வழிபாட்டினரும். 1964இல் தலைநகர் கார்ட்டூமில் இருந்த அரசு அயல்நாட்டு மிஷனரிகளைத் தெற்கிலிருந்து மூட்டை முடிச்சோடு வெளியேற்றியது. எட்டே ஆண்டுகள். இடையில் ஆட்சி மாறி ராணுவ அதிகாரி நிமெய்ரி அதிபராக வந்திருந்தார். அதே கார்ட்டூம் 1972இல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் உலகத் திருச்சபைகள் மன்றமும் அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மாநாடும் கூட்டிய பேச்சுவார்த்தைக்கு வந்து உட்கார்ந்தது. நடுவர், லைபீரியக் குருவானவர் பர்ஜஸ் கார். பாதிரிமாரை விரட்டியவர்கள் பாதிரியார் நடுவராக இருக்கச் சம்மதித்தது எப்படி? தெற்கத்தியருக்கு இந்தத் திருச்சபை அமைப்பினர் போர்க்காலத்தில் நிவாரணம் அனுப்பியவர்கள். வடக்குக்கோ, 'நாட்டைப் பிரிக்கும் பேச்சே வேண்டாம், ஒரே சூடானுக்குள் தீர்வு காண்போம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டவர்கள். ஜெபத்தைவிட இந்த இரண்டும்தான் வேலை செய்தன என்பது என் எண்ணம். ஒப்பந்தம் பதினோரு ஆண்டுகள் தாங்கியது. 1983இல் அதைக் கிழித்தவர் அதில் சம்பந்தப்பட்ட நிமெய்ரியேதான். தெற்கை மூன்றாகக் கூறு போட்டு, ஷரியத் சட்டத்தையும் கொண்டுவந்தார்.

ஒற்றுமை இல்லாதவர்கள் என்கிறீர்கள். இருக்கட்டும், சண்டையின் இரண்டு பக்கமும் ஆள் இருப்பது ஒரு வசதி. 1999இல் தெற்கு சூடானின் வுன்லிட்டில் தங்களுக்குள் மோதிக்கொண்டிருந்த டிங்கா, நுவேர் இனக்குழுத் தலைவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தது புதிய சூடான் திருச்சபைகள் மன்றம். நாள்கணக்கில் ஒருவர் குறையை மற்றவர் கேட்டார்கள். அங்கே பலியிடப்பட்டது ஒரு வெள்ளைக் காளை. பழைய ஏற்பாட்டில் தேடினால் இதற்கு முன்மாதிரி கிடைக்கும். புதிய ஏற்பாட்டில் கிடைக்காது! அவர்களுடைய வழக்கப்படியே நடக்கட்டும் என்று விட்டார்களே, அது சின்ன விஷயமில்லை.

நம் நாட்டிலும் உண்டு, இந்திய அரசுக்கும் நாகா கிளர்ச்சியாளர்களுக்கும் நடந்த சண்டையில். 1964இல் நாகாலாந்து பாப்டிஸ்ட் திருச்சபைகள் மன்றத்தின் முயற்சியில் அமைந்த சமாதானக் குழுவில் மூன்று பேர்: ஜெயப்பிரகாஷ் நாராயண், அஸ்ஸாம் முதல்வர் சாலிஹா, இங்கிலாந்துக்காரரான மைக்கேல் ஸ்காட். மூவரில் குருவானவர் ஸ்காட் ஒருவர்தான். செப்டம்பர் 6ஆம் தேதி போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி. ருவாண்டாவில் கிகாலியின் கத்தோலிக்கப் பேராயர் ஆளுங்கட்சியின் மத்தியக் குழுவில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். 1994இல் டுட்சி இனப்படுகொலையின்போது அந்நாட்டுத் தேவாலயங்களில் அடைக்கலம் தேடி ஓடியவர்கள் அங்கேயே கொன்று குவிக்கப்பட்டார்கள். அதிகாரத்தோடு ஒட்டி உறவாடிய சபை, கொலைகாரனைப் பார்த்து 'நிறுத்து' என்று எந்த வாயால் சொல்லும்?

உக்ரைன் விவகாரமும் இந்த ரகம்தான். 2022 மார்ச்சில் உலகத் திருச்சபைகள் மன்றம், போரை நிறுத்தக் குரல் கொடுங்கள் என்று ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவரான மாஸ்கோ பிதாப்பிதா கிரிலுக்குக் கடிதம் எழுதியது. வந்த பதிலில் பழி முழுவதும் மேற்கு நாடுகள் மேல். ருஷ்யச் சபை அந்த மன்றத்தின் உறுப்பினர். அதே ஆண்டு ஜெர்மனியில் கூடிய பேரவையும் அதை வெளியேற்றவில்லை. பேச்சுக் கதவை அடைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். இதை எடுத்துக்காட்டிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.