பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிய கை

கேள்வி: எனக்கு 46 வயது. காட்பாடியில் இருக்கிறோம். 17 வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன், பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கும் என் கையில்தான். போன மாதம் சபைக் கமிட்டிக்கு என் பேரை ஒரு தம்பி சொன்னார். உடனே ஒரு பெரியவர் எழுந்து, பெண் அமைதலாயிருக்க வேண்டும் என்ற தீமோத்தேயு வசனத்தை வாசித்தார். என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் டீ ஊற்ற எழுந்து போய்விட்டேன். இப்போது சனிக்கிழமை ராத்திரி வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. பதவி ஆசை பிடித்துவிட்டதோ, இது பாவமோ?

பதில்: அன்புச் சகோதரி, ஆசைதான் காரணம் என்றால் அந்தத் தம்பி சொல்வதற்கு முன்பே நீங்களே பேர் கொடுத்திருப்பீர்கள். எல்லார் முன்னாலும் பட்ட அவமானத்தைப் பாவம் என்று பேர் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவமானத்தோடு ஏமாற்றமும் உண்டு. பெரியவர் வாசித்ததைவிட அந்தப் பாட்டுப் புத்தகம்தான் உங்களைத் தூங்கவிடவில்லை.

வசனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீமோத்தேயுவுக்கான அந்தக் கடிதம் பவுலின் பேரில் வந்தது. அதே பவுல் ரோமர் 16ல் பெபேயாளைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று எழுதி, அவளை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். அப்பொல்லோ என்ற பிரசங்கிக்கு மார்க்கத்தை விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி. பைபிளை உண்மையாய் நேசிக்கிற சபைகளே இதில் இரண்டு பக்கமாக நிற்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில்லை. தென்னிந்தியத் திருச்சபையிலோ 2013ல் புஷ்ப லலிதா அம்மையார் நந்தியால் பேராயரானார். உங்கள் வேலூரிலேயே மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதனால் 'பாவம்' என்று ஒரே வார்த்தையில் முடிக்க யாருக்கும் அவசரம் வேண்டாம், உங்களுக்கும்தான்.

அப்புறம், கமிட்டியை விடுங்கள், முதலில் வீட்டில் பேசுங்கள். சனிக்கிழமை ராத்திரி வேண்டாம். வாரத்தின் நடுவில், சாப்பாடு முடிந்து, "அன்றைக்கு நீங்க நிமிர்ந்து ஒரு தரம் என்னைப் பார்த்திருந்தால் போதும்" என்று சொல்லுங்கள். குற்றம் சாட்டுகிற குரல் வேண்டாம். அவருக்கும் உறவுக்காரர் பேச்சு, சபையார் பார்வை என்று ஏதோ பயம் இருந்திருக்கலாம். அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். அதன் பிறகு இரண்டு பேருமாய் ஆயரைப் பார்த்து, கமிட்டியில் பெண்கள் இருக்கச் சபை விதி இடம் தருகிறதா என்று கேளுங்கள்.

படபடப்பு நிற்கவில்லை என்றால் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். இந்த ஞாயிறு டீ ஊற்ற வேறு யாராவது எழுந்திருக்கட்டும், நீங்கள் உட்கார்ந்திருங்கள்.